குடித்தனப் பக்கம்: கடைசி நூறு கஜம்

செம்பூர் வாசகி ஒருவரிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே தெருவில் குடித்தனம் செய்தவர். மகனுக்கு அந்தேரி மேற்கில் உத்தியோகம் அமைந்துவிட்டபடியால், வெர்ஸோவாவில் கடலைப் பார்த்த கட்டடம் ஒன்றில் ஐந்தாவது மாடியில் வீடு பேசி முடித்திருக்கிறார்கள். வருகிற ஆனிக்குள் குடிபோக வேண்டுமாம். "சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கித் தருவதற்கு மூன்று கம்பெனிக்காரர்கள் மூன்று விதமாகத் தொகை சொல்லுகிறார்கள். இவர்களில் யாரை நம்பலாம்? கடலோர வீடு என்பதால் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

முதற் கேள்விக்கு இப்பக்கத்தில் விடை கூறுவதற்கில்லை. இன்னார் நல்லவர், இன்னார் பொல்லாதவர் என்று பெயர் குறித்து எழுதுவது நமது வழக்கமன்று. மேலும், ஒரே கம்பெனி ஒரு வீட்டாருக்குப் பஞ்சில் வைத்தாற்போல் பண்டங்களைக் கொண்டு சேர்க்கும். அடுத்த வீட்டாருக்கு அம்மிக்கல்லையும் இரண்டாக்கிவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை கூறும் தகுதி மட்டும் எனக்கு உண்டு. அத்தகுதியை நான் நஷ்டப்பட்டே பெற்றேன். அதைச் சொல்லிவிட்டு மற்ற விஷயங்களுக்குப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதே போல் செம்பூரிலிருந்து வெர்ஸோவாவுக்குக் குடிபெயர்ந்தோம். இந்த ஊரில் வாடகை வீட்டுக்காரர்களின் ஆயுள் பதினொரு மாதம் என்பது நேயர்கள் அறிந்ததே. எங்கள் ஒப்பந்தம் ஆனி முடிவில் தீர்ந்தது. ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச இல்லாள் சம்மதிக்கமாட்டாள். ஆகவே ஆனி மாதத்து அமாவாசையை, நிறைந்த நாள் என்று, தேர்ந்தெடுத்தோம். ஒரு கம்பெனியின் மேற்பார்வையாளர் செம்பூர் வீட்டுக்கு வந்தார். பீரோவைத் தட்டிப் பார்த்தார், கட்டிலைக் குனிந்து பார்த்தார், தொகை சொன்னார். "போகிற இடத்தில் எத்தனையாவது மாடி? லிப்ட் உண்டா?" என்று கேட்டார். மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு என்றோம். அத்துடன் அவருக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. வெர்ஸோவாவில் பெரிய சாலையிலிருந்து எங்கள் கட்டடத்துக்குத் திரும்பும் சந்து எத்தனை அடி அகலம் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அன்று காலை ஏழு மணிக்கே ஐந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பத்து மணிக்கு லாரி புறப்பட்டது. நல்ல மழை. பகல் பன்னிரண்டரை மணிக்கு வெர்ஸோவா சந்து முனையில் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. இருபுறமும் மோட்டார்கள் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் குழாய்க்காகத் தோண்டியிருந்தது. வீட்டுக்கும் லாரிக்கும் இடையே சுமார் நூறு கஜம். சிறிய டெம்போ ஒன்றைத் தருவித்து, அதில் மாற்றி ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். அதற்குத் தனியாக நாலாயிரம் ரூபாய். டெம்போ வருவதற்குள் நேரத்தை வீணாக்காமல் லாரியைக் காலி செய்கிறோம் என்று சாமான்களை நடைபாதையில் அடுக்கினார்கள். கனமான பெட்டிகளை அடியில் வைப்பதுதானே முறை? அவ்வாறே வைத்தார்கள்.

கடல் ஏறுகிற நேரம் அது என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. சாக்கடை வாயிலிருந்து நீர் வெளியே வரத் தொடங்கியது. முதலில் செருப்பு நனைந்தது; கால் மணியில் கணுக்கால் மறைந்தது. மேலே இருந்த மெத்தையையும் நாற்காலிகளையும் ஆட்கள் தலையில் சுமந்து ஓடினார்கள். அடியிலிருந்த மூன்று பெட்டிகளில் ஒன்றை இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் தூக்கினான். அட்டைப் பெட்டியின் அடிப்பாகம் நனைந்து கழன்று, உள்ளே இருந்தவை அத்தனையும் தண்ணீரில் விழுந்தன.

அவை என் தாயாரின் புத்தகங்கள். 1949-ஆம் ஆண்டில் மணமாகி மாதுங்காவுக்கு வந்தவர் அவர். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, இருபத்தொரு தொகுப்புகளாக வைத்திருந்தார். அவற்றில் ஐந்து, 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வன், மணியத்தின் சித்திரங்களுடன். புத்தகமாகக் கடையில் இன்றும் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். கடையில் வாங்கும் புத்தகத்தில் என் தாயாரின் பென்சில் எழுத்து இராது.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். மறுமொழி வந்தது. ஏற்றும்போது தயாரித்து நான் கையெழுத்திட்டிருந்த ஜாபிதாவின் நகலையும் உடன் வைத்திருந்தார்கள். அதில் நாற்பத்தேழாவது வரியில், "ரத்தி, 3 பெட்டி" என்றிருந்தது. ரத்தி என்றால் எடைக்குப் போடுகிற பழைய காகிதம். மேற்பார்வையாளர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். மஞ்சளாகப் பழுத்த தாள்களைக் கண்டிருக்கிறார். தம் கண்ணுக்குப் பட்டதை எழுதிவிட்டார். நான் படித்துப் பாராமல் கையெழுத்திட்டேன். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அறுநூறு ரூபாய் தருவதாகவும், வெள்ளம் தெய்வச் செயலாகையால் அதுவும் சலுகையே என்றும் எழுதியிருந்தார்கள். அதை வாங்க மனம் வரவில்லை.

அந்தப் பையனின் கூலியில் அன்று முந்நூறு ரூபாய் பிடித்துவிட்டார்கள் என்பது மாலையில் தெரிந்தது. அட்டை நனைந்ததற்கு அவன் என்ன செய்வான்? என் இல்லாள் படியிறங்கிப் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் மேற்பார்வையாளரோடு அரைமணி நேரம் வாதாடி, அப்பணத்தை அவன் கையில் கொடுக்கச் செய்த பிறகே மேலே வந்தாள். அன்று உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

இனி, இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லுகிறேன். முதலில் கடல்.

மும்பைக் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் மறு ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறையப் பன்னிரண்டரை மணி. ஆகவே இன்று வந்த நேரத்துக்கு நாளை சுமார் 50 நிமிஷம் பிந்தி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகும். அஷ்டமிக்குப் பின்னான ஓரிரு நாட்களில் தணியும். மிகுகிற அந்நாட்களில் இங்கே பகல் ஏற்றம் நண்பகலை ஒட்டி வருகிறது. காலையில் ஏற்றிப் புறப்படும் லாரி கடலோரத்துக்கு வந்து சேருகிற நேரமும் அதுவேதான். நமது பஞ்சாங்கம் நிறைந்த நாள் என்று கொடுப்பதும், கடல் நிறைகிற நாளும் ஒன்றாக இருப்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

மழையில்லாத மாதங்களில் இதனால் பெரிய தொல்லை இல்லை. மழையும் ஏற்றமும் சேரும்போதே ஆபத்து. நகரின் மழைநீர் வடிகால்களில் பல, ஏற்ற மட்டத்துக்குக் கீழே கடலில் திறப்பவை. கடல் உயர்ந்து நிற்கும்போது உள்ளே பெய்த நீர் வெளியேற வழியின்றித் தெருவுக்கே திரும்புகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை இவ்வூரில் இருந்தவர் யாரும் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. பிற்பகலில் கடலும் ஏறியது. அதன் பின் ஹாஜி அலி, இர்லா, வொர்லி முதலிய இடங்களில் நீரை இறைத்துக் கடலில் விடும் நிலையங்களை மாநகராட்சி அமைத்தது. நிலைமை முன்னைவிட மேல் என்றாலும், நடைபாதையில் பெட்டி அடுக்கும் அளவுக்கு மேல் இல்லை.

மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன்பாக, ஏற்றம் 4.5 மீட்டருக்கு மேற்படும் நாட்களையும் நேரங்களையும் பட்டியலிட்டு வெளியிடுகிறது, பத்திரிகைகளிலும் வரும். அதைக் கண்டு, பதினைந்து அடித் தண்ணீர் தெருவில் நிற்குமோ என்று அஞ்ச வேண்டாம். கடல் மிகத் தாழ்ந்து வற்றும் மட்டத்திலிருந்து எடுக்கும் அளவு அது. பட்டியலைக் கத்தரித்துப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் குடிபோவதைத் தவிர்க்க முடியாதவர்கள், சாமான் வண்டிக்கு நவமி தசமியைப் பாருங்கள். அஷ்டமி நவமியில் புது வீடு புகுவதா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. நல்ல நாளில் ஓர் அடுப்பு, ஒரு பாத்திரம், சுவாமி படம், பால் ஆகியவற்றை மட்டும் டாக்ஸியில் எடுத்துப்போய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். குடிபுகுந்தாயிற்று. பீரோவுக்கும் மெத்தைக்கும் முகூர்த்தம் இல்லை. அவை கடலுக்குச் சௌகரியமான நாளில் வரட்டும். ஆடியில் வீடு மாற்றலாகாது என்ற விதியை மட்டும் மும்பைவாசிகள் இரட்டிப்பாகக் கடைப்பிடிப்பது நலம். இங்கு மழை உச்சம் அடைவது ஜூலையிலேதான்.

அடுத்தது, தெரு. நமது வீட்டுச் சாமான்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் நெடுஞ்சாலையில் பத்திரமாகவே வருகின்றன. உடைவதும் நனைவதும் வழக்கு வருவதும் கடைசி நூறு கஜத்தில்தான். கடலோரப் பேட்டைகளில் இது இன்னும் அதிகம். வெர்ஸோவாவும் வொர்லியும் கோலி மீனவரின் பழைய ஊர்கள். கோலிவாடாச் சந்துகள் கைவண்டிக்கும் மனிதருக்கும் ஏற்பட்டவை. மரீன் டிரைவின் கட்டடங்கள் வேறு விதம். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2018-ல் யுனெஸ்கோ கௌரவித்த வரிசையைச் சேர்ந்தவை பல. பார்க்கக் கண் கொள்ளாது. ஆயினும் 1930-களிலும் 40-களிலும் கட்டிய அக்கட்டடங்கள் சிலவற்றில் கம்பிக் கதவு போட்ட பழைய லிப்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டிலை அதில் எப்படி ஏற்றுவது? கழற்றி மாடிப்படியில் சுமக்க வேண்டும், அல்லது கயிறு கட்டிப் பால்கனி வழியே இழுக்க வேண்டும்.

எனவே தொகை பேசும் முன் மேற்பார்வையாளரை இரண்டு வீட்டையும் நேரில் பார்க்கச் செய்யுங்கள். விட்டுப் போகிற வீட்டைவிடப் புகப்போகிற வீட்டைப் பார்ப்பது முக்கியம். வர மறுப்பவரைத் தள்ளிவிடலாம். சந்தில் எந்த அளவு வண்டி நுழையும், நானூற்று ஏழா, சோட்டா ஹாத்தியா, லாரியிலிருந்து மாற்றி ஏற்ற நேர்ந்தால் அது யார் செலவு, லிப்டில் சாமான் ஏற்ற ஸொசைட்டி அனுமதிக்குமா, இல்லையென்றால் மாடிக்கு இவ்வளவு என்று கேட்பார்களா, இவற்றைத் தொகையோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். "வாசல் வரை" என்று எழுதித் தந்தால், எந்த வாசல் என்று கேளுங்கள். தெரு வாசலா, கட்டட வாசலா, நம் வீட்டு வாசலா? எங்கள் நாலாயிரம் ரூபாய் போனது இந்த ஒரு சொல்லில்தான்.

ஸொசைட்டிக் காரியதரிசியிடம் ஒரு வாரம் முன்னதாகவே கடிதம் கொடுத்து அனுமதி பெறுவது அவசியம். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமையிலும் மத்தியானத்திலும் சாமான் ஏற்ற விடமாட்டார்கள். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சாமான் இல்லாதபோதும் சுமையாட்கள் லிப்டில் ஏறக்கூடாது என்று தடுக்கிற காவற்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் பண்டத்தை ஏழாவது மாடிக்குச் சுமந்த மனிதன் வெறுங்கையோடு இறங்குவதற்கு லிப்டு கூடாதென்றால், அதைக் கேட்க வேண்டியவர் நாம்தான். அவன் கேட்க முடியாது.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கடற்கரைச் சாலையில் பறந்துவிடுவோம், அரைமணி போதும்" என்று சொல்லுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மரீன் டிரைவையும் வொர்லியையும் இணைத்து 2024 மார்ச்சிலிருந்து பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட அச்சாலையில் சரக்கு வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சாமான் லாரி பழைய உள்வழியாகவே ஊர்ந்து வரவேண்டும். அந்தேரி மேற்குக்குப் போகிறவர்கள் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அங்கே சுரங்கப் பாதை ஒன்று இருக்கிறது. மழை வலுத்தால் முதலில் மூடுவது அதுதான். கோகலே பாலம் 2022 நவம்பரில் மூடப்பட்டு, 2024 பிப்ரவரியில் ஒரு பாதியும் 2025 மே மாதத்தில் மறு பாதியும் திறக்கப்பட்டது. முதற் பாதி திறந்தபோது, பக்கத்து பர்பிவாலா பாலத்தோடு மட்டம் சேராமல் அந்தரத்தில் நின்று ஊரைச் சிரிக்க வைத்தது. பிறகு தூக்கிச் சேர்த்தார்கள்.

கொச்சிக்கு மாற்றலாகிக் காயலோரத்தில் வீடு பார்த்திருக்கும் அன்பர்களும் நமது நேயர்களில் இருக்கக்கூடும். அங்கே தெருவைவிட ஆட்களைப் பற்றிய விசாரணை முக்கியம். நாமே ஆள் வைத்து இறக்கினாலும், உள்ளூர்ச் சுமைக்காரர் நின்று பார்த்ததற்காகக் கேட்கும் கூலிக்கு நோக்குகூலி என்று பெயர். தமிழருக்கு அகராதி வேண்டாத சொல். கேரள அரசாங்கம் 2018 மே முதல் தேதியிலிருந்து அதை ஒழித்துவிட்டது. கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஜாபிதா. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் பொருள். வெண்கல உருளியைப் "பழைய பாத்திரம்" என்றும், தாத்தாவின் தேக்கு ஊஞ்சலை "மரப் பலகை" என்றும் எழுதுவார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல. அவர்களுக்குத் தெரிந்த பெயர் அது. நீங்களே முந்தின நாள் உட்கார்ந்து, பெயர், எண்ணிக்கை, தற்போதுள்ள கீறல் பழுது, மதிப்பு இவற்றைக் குறித்து இரண்டு பிரதி எடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். பெட்டி மூடும் முன் படம் எடுத்துக்கொள்ளக் கைப்பேசி இருக்கிறது. விலை மதிக்க முடியாதவற்றை ஜாபிதாவில் சேர்க்கவே வேண்டாம். நகை, பத்திரம் மாத்திரமல்ல. தாயார் கையெழுத்து, பழைய படங்கள், கடிதங்கள் ஆகியவையும் உங்கள் மடியில் டாக்ஸியில் வரட்டும்.

வெளியூரிலிருந்து லாரியில் சாமான் வருவதானால் சட்டத்தையும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, ஏற்றிச் செல்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். சரக்குக்கு ரசீது தரவேண்டும். நஷ்டம் நேர்ந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாலொழிய வழக்குத் தொடர முடியாது. அதிகப் பொறுப்புக்கென்று கூடுதல் கட்டணம் கட்டியிராவிட்டால், பொதுவாக நஷ்ட ஈடு வாங்கிய கட்டணத்தின் பத்து மடங்குக்கு மேற்படாது. குறித்துக் கொடுத்த மதிப்பையும் மீறாது. "இன்ஷூரன்ஸ்" என்று சொல்லித் தனித் தொகை வசூலித்துவிட்டு, பாலிசியே எடுக்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் எடுத்த பாலிசியைக் கண்ணால் கண்ட பின் பணம் கொடுங்கள். அதே போல், குறைந்த தொகை சொல்லி ஏற்றிவிட்டு, பாதி வழியில் அதிகம் கேட்டு வண்டியை நிறுத்துகிறவர்களும் உண்டு. முன்பணத்தைக் குறைத்து, பாக்கியை இறக்கிய பின் என்று எழுதிக்கொள்வதே காப்பு.

தகராறு முற்றினால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம்மைப் போல் ஊர் மாறுகிறவர்களுக்கு அதில் ஒரு பெரிய சௌகரியம்: கம்பெனி சென்னையில் இருந்தாலும், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது புகாருக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் யோசனை கேட்கலாம். என் விஷயத்தில் இவை எதுவும் பயன்படவில்லை. "ரத்தி" என்ற சொல்லின் கீழ் என் கையெழுத்து இருந்ததே!

வீடு சேர்ந்த பின் கடற்காற்று தன் வேலையைத் தொடங்கும். சாமான்களைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை அன்று மாலையே பிரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் விட்டால் உள்ளே ஈரம் கட்டி, மரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். இரும்புப் பீரோவில் ஏற்றி இறக்கியபோது விழுந்த கீறலுக்கு உடனே வர்ணம் பூசாவிட்டால் உப்புக் காற்றில் அந்த இடத்திலிருந்து துரு பரவும். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஜாடி தண்ணீராகும், அப்பளம் நமத்துப்போகும். இவற்றுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பல்ல.

செம்பூர்ச் சகோதரிக்கு என் யோசனை: ஆனி வரை காத்திருக்க வேண்டாம். மும்பையில் மழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11 என்றாலும், 2025-ல் மே 26-லேயே வந்துவிட்டது. ஆகவே வைகாசிப் பிற்பகுதியையும் நம்புவதற்கில்லை. சித்திரையிலேயே, பள்ளி விடுமுறையில், சாமான்களை அனுப்பிவிடுங்கள். வெயில்தான் கொஞ்சம் கடுமை. ஆட்களுக்கு நீர்மோர் கொடுங்கள்.

தாயாரின் தொகுப்புகளில், மின்விசிறியின் கீழ் தாளுக்குத் தாள் செய்தித்தாளை வைத்து ஒரு மாதம் உலர்த்தியதில், எட்டுத் தேறின. பொன்னியின் செல்வனில் முதல் பாகமும் மூன்றாம் பாகமும் இருக்கின்றன. ஒவ்வொரு தொகுப்பின் கடைசிப் பக்கத்திலும், எந்த வீட்டார் எந்தத் தேதியில் இரவல் வாங்கினார்கள், எப்போது திருப்பினார்கள் என்று தாயார் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். முதல் பாகத்தில் மட்டும் பதினான்கு வீடுகள். மற்றவை நீரோடு போயின. அந்நாளில் மாதுங்காவில் அத்தொகுப்புகளை வாங்கிப் படித்த வீட்டார் எவரேனும் இப்பக்கத்தைக் காண நேர்ந்தால், சங்கத்தின் விலாசத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெயர்களைத் திரும்பவும் எழுதி வைக்க விரும்புகிறேன்.